மாப்பிள்ளை கொடுத்த தோல்

என் கணவரின் வலது தொடையில் சீட்டு அளவில் வெளுத்த தழும்பு ஒன்று உண்டு. வேட்டியை மடித்துக் கட்டினால் எட்டிப் பார்க்கும். அங்கிருந்த தோல் கொஞ்ச காலம் என் அப்பாவின் காலில் குடியிருந்தது.

அறுபதுகளின் தொடக்கம். தலை ஆடிக்கு எங்களை அழைக்க அப்பா தானே போகாமல் சித்தப்பாவை அனுப்பிவிட்டார். ஸ்ரீரங்கத்து மாப்பிள்ளை முறுக்கிக்கொள்ள அது போதாதா? பிறந்த வீடான திருவெள்ளறைக்கு வந்த என்னை, ஆவணி பிறந்தும் அழைத்துப்போக வரவில்லை. ஊர் என்னை வாழாவெட்டி என்று முணுமுணுக்கத் தொடங்கிய நேரத்தில், நெல் அவிக்கும் அண்டா கவிழ்ந்து அப்பாவின் கால்கள் வெந்துபோயின. திருச்சி ஆஸ்பத்திரியில் டாக்டர், "இவர் தோலையே எடுத்து வைக்க இப்ப இவருக்குத் தெம்பில்லை. அதுவரைக்கும் புண்ணை மூட வேற யாராவது குடுங்க. அது நிலைக்காது" என்றார். கடைசி வாக்கியத்தை யாரும் காதில் வாங்கவில்லை. செய்தி கேட்டு ஓடிவந்திருந்த என் கணவர், அதற்குள் வேட்டியை உயர்த்திவிட்டார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

அன்று முதல் தினமும் சைக்கிளில் வந்து, "என் தோல் எப்படி இருக்கு?" என்று கேட்பார். அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அப்பாவும் வலியை விழுங்கிக்கொண்டு, "ரொம்ப சௌக்கியமா இருக்குங்க மாப்பிள்ளை" என்பார். ஒரு காலையில் கட்டைப் பிரித்தால், தோல் கறுத்து உரிந்து வந்தது.

அப்பா பதறிப்போனார். "மாப்பிள்ளை குடுத்ததை இந்த உடம்பு வேணாம்னு தள்ளிடுச்சே! இனிமே எம் பொண்ணை அழைச்சுக்கிட்டுப் போவாரா? மூடிடுங்க டாக்டர், அவருக்குத் தெரிய வேணாம்."

இவர் கதவருகில்தான் நின்றிருந்தார். முகம் சிவந்தது.

டாக்டர் இவரிடம், "ரத்தத்துல வெள்ளை அணுக்கள்னு இருக்கு. அதுங்களுக்கு மாப்பிள்ளை, சம்பந்தியெல்லாம் தெரியாது. அசலார்னா விரட்டிடும். பிறக்கறதுக்கு முன்னாடியே பழக்கிவிட்டா எலிங்க மட்டும் வேற எலியோட தோலை ஏத்துக்குதாம்" என்றார்.

"எங்களுக்கு லேட்டாயிடுச்சு. சரி, இந்தத் தொடையில எடுங்க" என்று இவர் இடது தொடையைக் காட்டினார்.

"ரெண்டாவது தடவை இன்னும் சீக்கிரம் விரட்டும். அதுங்க ஒருதடவை பட்டதை மறக்காது."

இவர் அப்பாவை ஏற இறங்கப் பார்த்தார். "நானும் மறக்கலை மாமா. கால் சரியானதும் நீங்களே நேர்ல வந்து அழைக்கணும். அப்பதான் கூட்டிக்கிட்டுப் போவேன்."

பிறகு தன் சொந்தத் தோல் ஒட்டிய கால்களால் நடந்துபோய், அப்பாதான் அழைத்தார்.

அப்பா இப்போது இல்லை. இவருக்கு முறுக்கு மட்டும் குறையவில்லை. தீபாவளிக்கு என் தம்பி நேரில் வந்து அழைக்கவில்லை என்று ஆரம்பித்தால், நான் அந்தத் தொடைத் தழும்பையே பார்ப்பேன். மடித்த வேட்டியைச் சட்டென்று இறக்கிவிட்டு, "எந்த பஸ்ஸுக்குக் கிளம்பலாம்?" என்பார்.