ராகி மாவு வாடகை

என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும். மன்னிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். சின்ன ‘ர’வா பெரிய ‘ற’வா என்று நின்று யோசித்தால் சொல்ல வந்தது மறந்துபோகிறது; அதனால் யோசிக்காமல் எழுதுகிறேன். பிழை இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். பேசச் சொன்னால் எனக்கு இதைவிடக் கஷ்டம். தர்மபுரியில் ஒரு மாவு மில்லில் வேலை செய்கிறேன். மெஷின் ஓடும்போது யாரும் யாரோடும் பேச முடியாது. அதற்காகவே நான் அந்த வேலைக்குப் போனேன் என்பாள் என் மனைவி.

நாங்கள் முன்பு இருந்தது அரசாங்கம் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பு. கூரையில் காரை பெயர்ந்து விழ ஆரம்பித்ததும், இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டித் தருகிறோம், அதுவரை வெளியே வீடு பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். எல்லோரும் வாடகைக்குப் போனார்கள். நான் மட்டும் கெட்டிக்காரனாகப் போக்கியத்துக்குப் போனேன். வீட்டுக்காரரிடம் ஒரு பெரிய தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட வேண்டும். வாடகை கிடையாது. காலி செய்யும்போது கொடுத்த பணம் அப்படியே திரும்பி வரும். அந்தத் தொகைக்காக மனைவியின் தாலிச் சங்கிலி பேங்குக்குப் போனது. அவள் கழுத்துக்கு மஞ்சள் கயிறு வந்தது.

வீட்டுக்காரர் பாத்திரக்கடை வைத்திருக்கும் பாய். பணத்தை வாங்கிக் கல்லாவில் வைத்தவர், சாவியைத் தராமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

“ஒங்க பணத்தையும் வாங்கிக்கிட்டு, அதுக்குப் பதிலா சும்மா வூட்டுல இருக்கவும் வுட்டா, நான் வட்டி குடுத்த மாதிரி ஆயிடுங்க. எங்களுக்கு அது ஆகாது. வாடகைன்னு மாசாமாசம் ஏதாச்சும் குடுத்துடுங்க.”

“எவ்ளோங்க பாய்?” என்று மனைவி கேட்டாள். எனக்கும் சேர்த்துப் பேசுவது அவள்தான்.

பாய் என் சட்டையில் ஒட்டியிருந்த மாவைப் பார்த்தார். அவருக்குச் சர்க்கரை வியாதி. டாக்டர் களி சாப்பிடச் சொல்லியிருந்தார்.

“அஞ்சு கிலோ ராகி மாவு. கலப்படம் இருக்கக் கூடாது.”

ஒப்பந்தப் பத்திரத்திலும் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டோம்.

வெளியே குடியிருப்பவர்களுக்கு வாடகையில் ஒரு பங்கை அரசாங்கம் தரப்போகிறது என்பது அதற்கப்புறம்தான் தெரிந்தது. பழைய வீட்டைக் காலி செய்த மாதத்திலிருந்தே சேர்த்துத் தருவார்கள் என்றும் பேசிக்கொண்டார்கள். மனைவி கணக்குப் போட்டாள். மற்றவர்கள் அதை வாங்கி வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிடுவார்கள். நமக்கோ பூராவும் மிச்சம். அவள் அண்ணன் மகள் கல்யாணத்துக்குள் சங்கிலியை மீட்டுவிடலாம். கல்யாணம் மாரண்டஹள்ளியில்.

“கயித்தோட போயி எங்கண்ணி முன்னால நிக்க மாட்டேன். சங்கிலி வந்தா நா வர்றேன். இல்லீன்னா நீங்க மட்டும் போயி மொய் வெச்சுட்டு, எல்லார்கிட்டயும் பேசிட்டு வாங்க.”

எல்லாரிடமும் பேசிவிட்டு என்றதும், எப்பாடு பட்டாவது சங்கிலியை மீட்டுவிடுவது என்று நானும் முடிவு செய்தேன்.

வீட்டைப் பார்த்துக் கணக்கெடுக்க ஒரு பெண் அதிகாரி வந்தார். மனைவி ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து வந்தார்.

“வாடகை எவ்வளவுங்கண்ணா?”

“அஞ்சு கிலோ ராகி மாவுங்க.”

அவர் சிரித்தார். தமாஷ் பேசுகிற ஆள் நான் இல்லை என்று அவருக்கு எப்படித் தெரியும்? பத்திரத்தை எடுத்துக் காட்டினேன். படித்தார். குடிக்கத் தண்ணீர் கேட்டார். மறுபடியும் படித்தார்.

“இதுல ரூபாதாங்கண்ணா போட முடியும். மாவு போட எடமே இல்ல.” செல்போனில் கணக்குப் போட்டுக்கொண்டே எனக்கும் புரியும்படி சொன்னார். “நீங்க குடுக்கற வாடகை ஒண்ணு. இந்தத் தெருவுல ஓடற வாடகை ஒண்ணு. ரெண்டுல எது கம்மியோ அதுல பாதிதான் உதவி. கடையில மாவு விக்கிற வெலைக்குப் பார்த்தா... மாசம் ரெண்டரை கிலோவுக்கு உண்டான காசு வரும்ங்கண்ணா.”

ரேஷன் பையோடு வாசலில் நின்ற மனைவி அதைக் கேட்டுவிட்டாள்.

“என்னாது, ரெண்டர கிலோ மாவா? அதுக்கு எதுக்கு மேடம் அரசாங்கம்? இவரு சட்டைய ஒதறுனாலே வந்துடுமே!”

அடுத்த நிமிடம் பாயைக் கூட்டிவந்துவிட்டாள்.

“பாய், தெருவுல ஓடற வாடகையையே நீங்களும் வாங்கறதா எழுதிக் குடுத்துடுங்களேன்.”

அதிகாரி காதில் விழாதவர்போல ஃபேனைப் பார்த்தார்.

“வாங்காத காசுக்கு எப்பிடிம்மா கையெழுத்துப் போடறது?” என்றார் பாய். “வட்டிக்குப் பயந்துதானே மாவு வாங்கறேன். பொய்க்குப் பயப்பட வேணாமா?”

அதிகாரிதான் ஒரு வழி சொன்னார். பாய் ரெண்டு மாத அட்வான்ஸை வைத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும். நாங்கள் நிஜமாகவே வாடகை கொடுக்க வேண்டும். கொடுக்க ஆரம்பித்த மாதத்திலிருந்து பாதி வரும். பழைய மாதங்களுக்கு மாவுக் கணக்குதான்.

பாய் முகம் வாடிவிட்டது. “அந்தப் பணம் பூரா கடையில அண்டாவும் குண்டாவுமா ஒக்காந்திருக்குதே. வித்தாதான் வரும்.” அப்புறம், “அப்ப மாவு?” என்றார்.

“காசு குடுத்து வாங்கிக்குங்க பாய்” என்றாள் மனைவி.

அன்று சாயங்காலமே மனைவி அண்ணனுக்குப் போன் போட்டாள். தர்மபுரியில் ஒரு பாய் கடை இருக்கிறது, அவரிடம் கிடைக்கும் கனமான பாத்திரம் ஓசூர் போனாலும் கிடைக்காது, பெண்ணுக்குச் சீர்ச் சாமான் முழுவதும் அங்கேதான் எடுக்க வேண்டும் என்றாள். அவளே எங்கள் வீட்டில் அலுமினியத்தில்தான் சோறு வடிக்கிறாள். அண்ணன் ஒரு டெம்போ பிடித்துக்கொண்டு வந்தார். அண்டா, குடம், குத்துவிளக்கு எல்லாம் ஏறின. கடை காலியானது, பாய் கை நிறைந்தது. அந்தக் கையோடு எங்கள் பணத்தை எண்ணிக் கொடுத்தார். நேராகப் பேங்குக்குப் போனோம்.

இப்போது நாங்கள் வாடகை கொடுக்கிறோம். பாதி அரசாங்கத்திலிருந்து கணக்கில் ஏறுகிறது. பாய் மில்லுக்கு வந்து காசு கொடுத்து மாவு வாங்குகிறார். விலை அநியாயம் என்று என்னிடமே குறைப்பட்டுக்கொள்கிறார்.

போன வாரம் கல்யாணம். பஸ் மாரண்டஹள்ளி போய்ச் சேரும்வரை மனைவி முந்தானையைச் சரிசெய்தபடியே வந்தாள், சங்கிலி நன்றாகத் தெரிய வேண்டும் என்று. அண்ணி அதைப் பார்க்கவே இல்லை. அவர் சீர் அண்டாவைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தப் பாய் நல்லாத்தான் வெல வெச்சிட்டாரு. ஆமா, டவுன்ல வூட்டு வாடக எவ்ளோ குடுக்கறீங்க?”

மனைவி முழு வாடகையையும் பந்தி வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். அரசாங்கம் தரும் பாதியைப் பற்றி மூச்சு விடவில்லை. அண்ணி முதல் தடவையாக அவளை ஏற இறங்கப் பார்த்தார். நான் இலையைப் பார்த்துச் சாப்பிட்டேன். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

மில்லில் கரண்ட் இல்லாததால் இன்று உட்கார்ந்து இதை எழுதி முடித்தேன். ஆனி மாதம் ஐந்தாம் தேதி, வெள்ளிக்கிழமை.