நான் ஊற்றிய தண்ணீர் செல்லுமா?

1. அழாத பிள்ளை

எண்பதுகளில், மலேசியாவில் அசாம் ஜாவா பக்கத்து எஸ்டேட் ஒன்றின் ஆஸ்பத்திரியில் நான் மிட்வைஃப். ஆஸ்பத்திரி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். நான்கு கட்டில், ஒரு மேசை, ஓர் ஆக்சிஜன் சிலிண்டர், மருந்து கொடுக்கும் டிரஸர், பிறகு நான். லயத்து வரிசை வீடுகளில் இருந்த தொழிலாளிப் பெண்கள் என்னை மிஸ்ஸி என்று கூப்பிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் வாய் நீளம் என்பார்கள். அது உண்மைதான்.

ஒரு நாள் பகல் டிரஸர் ஒரு நோயாளியை வேனில் ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போயிருந்தார். அந்த நேரம் பார்த்து செசிலி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். முதல் பிரசவம், எட்டு மாதந்தான் ஆகியிருந்தது. அவள் புருஷன் அந்தோணி செம்பனைக் காட்டில் குலை வெட்டிக்கொண்டிருந்தான். ஒரு மணி நேரத்தில் பெண் பிறந்தது. அழவில்லை. உடம்பெல்லாம் நீலம்.

சளியை உறிஞ்சி எடுத்தேன், முதுகைத் தேய்த்தேன், ஆக்சிஜன் பிடித்தேன். மூச்சு வரும், நிற்கும், மறுபடி வரும். செசிலிக்கு இரத்தப்போக்கு. தலையைத் தூக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை. வாய் மட்டும் ஓயவில்லை.

"மிஸ்ஸி, பிள்ளைக்கு ஞானஸ்நானம் குடுத்துடுங்க."

"என்னாது?"

"அவசரத்துக்கு யார் வேணும்னாலும் குடுக்கலாம். தண்ணிய ஊத்தி, நான் சொல்றத அப்படியே சொல்லுங்க."

"அடிப்பாவி, நான் மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்குறவ. மொதல்ல மூச்சு வரட்டும்லா!"

"மூச்சு நின்னுட்டா?"

கையை நீட்டிக் கெட்டிலை எடுத்தேன்.

கெட்டிலில் கொதித்து ஆறிய தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. எட்டு மாதப் பிள்ளையின் தலையை நனைத்தால் உடம்பு குளிர்ந்துவிடும். அதனால் பஞ்சை நனைத்து நெற்றியைத் துடைத்தேன். பாதி மயக்கத்தில் கிடந்தவள் போட்டாள் ஒரு சத்தம்: "தொடச்சா செல்லாது! ஊத்துங்க! தண்ணி ஓடணும்!"

ஊற்றினேன், மூன்று தடவை, கொஞ்சங்கொஞ்சமாக. அவள் சொல்லச் சொல்ல நானும் சொன்னேன்: "ரோசலி, பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்." வாய் அதைச் சொல்லும்போதே மனசு, "ஆத்தா, மகமாயி, காப்பாத்து" என்று அலறியது. சட்டென்று தலையைத் துவட்டி, துணியில் சுற்றி, மறுபடி ஆக்சிஜன் வைத்தேன்.

வேன் திரும்பி வரும்வரை மூச்சு நிற்காமல் பார்த்துக்கொண்டேன். தாயையும் பிள்ளையையும் டவுன் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம்.

2. சூசை மண்டோரின் சட்டம்

சில நாளில் செசிலியை மட்டும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிள்ளை இன்குபேட்டரில் இருந்தாள். நிலைமை இன்னும் சொல்ல முடியாது என்றார்களாம். செசிலி பாலைப் பீய்ச்சிக் கொடுப்பாள், அந்தோணி அதை மோட்டார்சைக்கிளில் கொண்டுபோவான். ஒரு வாரம் ஒழுங்காக நடந்தது. பிறகு பால் குறைந்தது. போய்ப் பார்த்தால், அவள் சோறு தின்று இரண்டு நாள் ஆகியிருந்தது.

காரணம் அந்தோணியின் அண்ணன், காட்டில் ஆள்களை வேலை வாங்கும் சூசை மண்டோர். ஃபாதர் மாதத்துக்கு ஒரு தடவைதான் எஸ்டேட்டுக்கு வருவார். மற்ற ஞாயிறுகளில் சின்னக் கோயிலில் செபம் நடத்துவது மண்டோர்தான். நல்ல மனுஷன், ஆனால் எல்லாம் தனக்குத் தெரியும் என்று நினைப்பவர்.

"ஞானஸ்நானம் வாங்காதவங்க அத எப்படி குடுக்க முடியும் மிஸ்ஸி? கையில இல்லாதத குடுக்க முடியுமா? அது செல்லாது" என்றார் என்னிடமே.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "செல்லுதோ செல்லலையோ, பிள்ள பெத்தவகிட்ட சொல்ற பேச்சா இது? பால் வத்திப்போனா நீங்களா குடுப்பீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

செசிலி என் கையைப் பிடித்தாள். "அது பேர் வைக்கிற சடங்கு இல்ல மிஸ்ஸி. அதுலதான் பிள்ள கடவுளோட பிள்ளையாகுது. என் பொண்ணுக்கு அது கெடச்சிருச்சுன்னுதான் தைரியமா இருந்தேன். இப்ப கண்ணாடிப் பொட்டிக்குள்ள கெடக்குறா. இன்னைக்கே போயிட்டா, அவ யாரு பிள்ள?"

மறுநாள் ஃபாதர் வரும் ஞாயிறு. அவரிடமே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

3. தப்பான வரிசை

பூசைக்கு முன்னால் ஃபாதர் ரம்புத்தான் மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முக்காடு போட்ட பெண்கள் வரிசையாக நின்றார்கள். ஃபாதரைப் பார்க்கிற வரிசை என்று நானும் போய் நின்றேன். முன்னால் போனவள் முட்டி போட்டாள், அதனால் நானும் போட்டேன்.

"கடைசியா எப்ப பாவசங்கீர்த்தனம் பண்ணீங்க?" என்றார் ஃபாதர், முகத்தைத் திருப்பாமல். செய்த பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற வரிசை அது என்று அப்போதுதான் உறைத்தது.

"நான் இந்து, ஃபாதர். எஸ்டேட் மிட்வைஃப். நான் பண்ணது பாவமா இல்லையான்னு கேக்கத்தான் வந்தேன்."

திரும்பிப் பார்த்தார். சிரிப்பை அடக்குவது தெரிந்தது. "மொதல்ல எந்திரிங்க, முட்டி வலிக்கும்."

நடந்ததைச் சொன்னேன். சிரிப்பு போய்விட்டது. டாக்டர் கேஸ் கேட்பதுபோல் ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"என்னா தண்ணி?"

"கொதிச்சு ஆறின பைப்புத் தண்ணி."

"தலையில ஓடுச்சா?"

"ஓடுச்சு. மொதல்ல தொடச்சேன். அந்தப் பொண்ணு கத்துனா."

"ஊத்தும்போதே வார்த்தைய சொன்னீங்களா? என்னான்னு?"

ஒரு சொல் பிசகாமல் சொன்னேன். அத்தோடு எழுந்து வந்திருக்கலாம். ஆனால் மறைத்து வாங்கும் பதில் எதற்கு? "இன்னொன்னு இருக்கு ஃபாதர். வாய்தான் அதச் சொல்லுச்சு. மனசு மாரியாத்தாவக் கூப்டுச்சு. எனக்குத் தெரிஞ்ச சாமி அவதான்."

ஃபாதர் நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டார். ஐயோ, நானே கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"என்னா நெனச்சு ஊத்துனீங்க?" என்றார்.

"பிள்ள பொழைக்காதுன்னு நெனச்சேன். உங்க கோயில்ல என்னா செய்வாங்களோ, அத முழுசா செஞ்சிடணும், தாய் கேட்டதாவது நடக்கட்டும்னு ஊத்துனேன்."

"அது போதும்மா. ரோசலி ஞானஸ்நானம் வாங்கிட்டா. நீங்க ஊத்துனாலும் நான் ஊத்துனாலும் குடுக்குறது கடவுள்தான். இனிமே நானே நெனச்சாலும் அவளுக்கு மறுபடி குடுக்க முடியாது."

"அப்பாடா!" என்றேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பூசையைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, மண்டோரையும் கூட்டிக்கொண்டு, ஃபாதர் என்னோடு லயத்துக்கு வந்தார். அதே பதிலைச் செசிலியிடம் சொன்னார். அவள் அழுது தீர்த்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சோறு இருக்கா?" என்று கேட்டாள். நானே போட்டுக் கொடுத்தேன். இரண்டு தட்டு சாப்பிட்டாள்.

4. புத்தகத்தில் ஒரு பெயர்

ஆறு வாரம் கழித்து ரோசலி வீட்டுக்கு வந்தாள். அடுத்த பூசையில் கோயிலில் மீதிச் சடங்கு நடந்தது. எண்ணெய் பூசி, வெள்ளைத் துணி போர்த்தி, மெழுகுவத்தி ஏற்றினார்கள். மண்டோர் வழக்கப்படி கிண்ணத்தில் தண்ணீர் வைத்திருந்தார். ஃபாதர் அதைப் பார்த்தார். மண்டோர் தானே எடுத்துப்போய் வெளியே பூச்செடியில் ஊற்றிவிட்டு வந்தார். ரோசலி கோயில் அதிர அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு நான் ஒருத்திதான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

முடிந்ததும் ஃபாதர் ஞானஸ்நானப் புத்தகத்தை என் பக்கம் திருப்பினார். கொடுத்தவர் என்ற இடத்தில், பக்கம் முழுக்க ஃபாதர்மார் பெயர். கடைசி வரியில் நான் எழுதினேன்: பார்வதி, மிட்வைஃப். எத்தனையோ பிறப்புத் தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், இதை மட்டும் இரண்டு தடவை வாசித்துப் பார்த்தேன்.

மண்டோர் பக்கத்தில் வந்து நின்றார். "நான் சொன்னது தப்பு மிஸ்ஸி."

"செசிலிகிட்ட சொல்லிட்டீங்களா?"

"மொதல்ல அவகிட்டதான் சொன்னேன்."

"அப்ப சரிலா."

இப்போது நர்ஸ் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். அதற்குப் பிறகு, வலி கூடுவதற்கு முன்பே ஒவ்வொரு தாயிடமும் கேட்டு வைத்துக்கொண்டேன்: "அவசரம்னா உங்க வழக்கத்துல என்னா செய்யணும்? இப்பவே சொல்லிடு." முஸ்லிம் வீட்டில் காதில் பாங்கு சொல்லத் தகப்பன் வேண்டும் என்றால், அவரை வாசலிலேயே நிற்க வைத்தேன். நீங்களும் கேளுங்கள். பிள்ளையின் மூச்சு மட்டுந்தான் என் வேலை என்று அதுவரை நினைத்திருந்தேன். தாயின் நிம்மதியும் என் வேலைதான் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது எந்தப் பயிற்சியும் இல்லை. இரத்தம் போய்க்கொண்டிருந்தபோதும், "தொடச்சா செல்லாது, ஊத்துங்க" என்று என்னை அதட்டிய செசிலிதான்.