வெளி வளையத்தில் என் புள்ளி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அது தெரிந்துதானோ என்னவோ, அலுவலகத்தில் யாரும் என்னிடம் எதையும் நேராகச் சொல்வதில்லை. அதனால், மேலாளர் அந்த ரேடார் வேலையை என் தலையில் கட்டியபோது அதில் இருந்த வில்லங்கம் எனக்கு உறைக்கவில்லை.

ரேடார் என்றால் விமான நிலையத்தில் சுற்றுகிறதே, அது இல்லை. அலுவலகத்தில் பயன்படுத்தும் மென்பொருள்களை எல்லாம் ஒரே வட்டப் படத்தில் புள்ளிகளாக வைப்பது. ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு வளையங்கள். நடுவில் அடாப்ட்: கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்தலாம். அடுத்து டிரையல், போட்டுப் பார்க்கலாம். அதற்கடுத்த அசெஸ் என்றால் தூர நின்று கவனிக்கலாம். கடைசி வெளி வளையம் ஹோல்ட்: இனி தொடாதே. ஹோல்டில் விழுவதை எல்லாம் சங்கராந்திக்குள் நிறுத்திவிடலாம் என்றார் மேலாளர். நானும் பலமாகத் தலையாட்டினேன்.

என்னுடைய கருவி ஒன்றும் அதில் இருந்தது. தினமும் காலையில் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு அறிக்கைகள் தயாரித்து அனுப்பும். இந்தத் தெலுங்கு ஊருக்கு வந்த புதிதில், அமீர்பேட் ஹாஸ்டலில் உட்கார்ந்து தனியாளாக எழுதியது. அதற்கு உடம்புக்கு வந்தால் என்னைத் தவிர யாராலும் பார்க்க முடியாது. அது ஓடுகிறவரைக்கும் இங்கே நான் வேண்டும். வெளியே சொன்னதில்லை, ஆனால் என் தைரியம் எல்லாம் அதுதான்.

எல்லோருக்கும் ஒரு ஷீட் அனுப்பினேன். எந்த மென்பொருள், எந்த வளையம், ஏன் என்று ஒரு வரி, கூடவே அதை நிரப்புகிறவர் பெயர். அந்த ஷீட்டைப் படித்துப் படம் வரைகிற மாதிரி நிரல் எழுதினேன். புள்ளியைத் தொட்டால் காரணம் விரியும். ஷீட்டில் வளையத்தை மாற்றினால் புள்ளி மெல்ல நழுவிப் போய்ப் புது இடத்தில் உட்காரும். அந்த நழுவலைச் சரிசெய்கிற மும்முரத்தில் மாரெட்பள்ளியில் நான் குடியிருக்கும் வீட்டில் சாம்பார் அடிப்பிடித்துத் தெருவே மணத்தது. போகட்டும், பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

ஆனால் எல்லாப் புள்ளிகளும் டிரையலில் கிடந்தன! அரதப் பழசான மொழியும் டிரையல், நேற்று வந்ததும் டிரையல். மற்ற மூன்று வளையங்களும் வெறிச்சோடிக் கிடக்க, ஒரே வளையத்தில் கடுகைக் கொட்டியது மாதிரி இருந்தது. பக்கத்து இருக்கைக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். தலைமுறைகளாக இங்கே செகந்திராபாத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பம் அவருடையது. இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், ஆனாலும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"என்ன தம்பி இது? ஒருத்தருக்குக்கூடவா மனசுல ஒரு குறை இல்ல?"

"நக்கோக்கா, வேணாம், விடுங்க. வெள்ளிக்கிழமை உங்க புளியோதரையைச் சாப்பிட்டுட்டு உங்களோடதை ஹோல்ட்ல போட யாருக்குக் கை வரும்? எல்லாருக்கும் அதே கதைதான். பக்கத்துல பக்கத்துல உக்காந்து டப்பாவைத் தொறக்கிறோமில்ல?"

"டேட்டாவுக்கு ஏதுய்யா மூஞ்சி? நல்லாருக்கே நியாயம்!"

"பேரு எழுதச் சொன்னது நீங்கதானேக்கா?"

வாஸ்தவம்தான். பெயர் கேட்ட இடத்தைத் தூக்கினேன். தயவுதாட்சண்யம் பார்க்க வேண்டாம், மனசில் இருப்பதை அப்படியே எழுதுங்கள் என்று காரசாரமாக ஒரு மெயிலும் தட்டிவிட்டேன்.

கூட்ட அறையின் பெரிய திரையில் எல்லோர் முன்னாலும் புது ஷீட்டை ஏற்றினேன். புள்ளிகள் கலைந்து ஆளுக்கொரு பக்கம் நழுவின. "அப்பா!" என்றார்கள். நானும் பெருமையாக நின்றேன். அப்போது என் புள்ளி கிளம்பியது. டிரையலை விட்டது, அசெஸைத் தாண்டியது, வெளி வளையத்தின் கடைசி ஓரத்தில் போய் நின்றது. நழுவல் மெதுவாக இருக்க வேண்டும் என்று மெனக்கெட்டவள் நான்தானே, அது நிதானமாக, எல்லோரும் பார்க்கப் பார்க்கப் போனது.

"யாரு போட்டது?" என்றேன். ஒருவர் தண்ணீர்ப் பாட்டிலைப் பார்த்தார், ஒருவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"பேரைத் தூக்கினதும் நீங்கதானேக்கா," என்றார் பக்கத்து இருக்கைக்காரர்.

புள்ளியைத் தொடுங்கள், காரணம் பார்ப்போம் என்றார் மேலாளர். வீம்பாகத் தொட்டேன். தெலுங்கும் ஆங்கிலமுமாகக் கலந்து ஆளாளுக்கு எழுதியிருந்தார்கள். 'இதைச் சரிசெய்யச் சொல்லிக் காதுகுத்துக்குப் போனவரைப் போனில் கூப்பிட்டோம், பின்னால் மேளம் கேட்டது.' 'போன சங்கராந்திக்கு இதனால் ரயில் டிக்கெட்டை ரத்து செய்தார்.' கடைசி வரி: 'இது ஓடினால் அக்கா ஊருக்குப் போக முடியாது. அக்கா ஊருக்குப் போனால் இது ஓடாது.'

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இவர்கள் முன்னால் அழுவதாவது! ஏதோ வயர் கழன்ற மாதிரி மேசைக்கு அடியில் குனிந்துகொண்டேன்.

இருக்கைக்குத் திரும்பிய பிறகு அவரிடம் கேட்டேவிட்டேன். "அது போச்சுன்னா எனக்கு இங்க என்ன வேலை இருக்கு, தம்பி?"

"ஹவ், ஆமாக்கா, நல்ல கேள்வி. அந்த ரேடாரை யாரு செஞ்சது, நானா?" என்றார் அவர்.

சொன்னபடியே சங்கராந்திக்குள் புதுக் கருவியை ஓடவிட்டார்கள். அதை எல்லோராலும் பழுது பார்க்க முடியும். நான் ஊருக்கு, திருநெல்வேலிக்கு வந்தேன். பொங்கல் பானை பொங்கும்போதும் என் ஒரு கண் போனில்தான் இருந்தது. அது கம்மென்று கிடந்தது.

"ஏட்டி, யாரு போனுக்கு இப்படிக் காத்துக் கெடக்க?" என்றாள் அம்மா.

மாட்டுப் பொங்கலன்று பொறுக்க முடியாமல் நானே கூப்பிட்டேன். வாடிக்கையாளருக்கு ஏது பண்டிகை? அன்று பக்கத்து இருக்கைக்காரர்தான் வேலையில் இருந்தார்.

"ரிப்போர்ட் போயிருச்சா?"

"போயிருச்சுக்கா."

"ஒரு எரர்கூடவா வரல?"

"வரல."

"நல்லாப் பாத்தீங்களா, தம்பி?"

"அக்கா, ஹோல்ட்ல போட்டது அதை. உங்களை இல்ல. போனை வைங்க."

வைத்தேன். நான் இல்லாமலும் எல்லாம் ஓடுகிறதே என்று கோபம் கோபமாக வந்தது.

"இப்பமாவது சாப்பிட வாரியா?" என்று அடுக்களையிலிருந்து அம்மா கேட்டாள். போனை அலமாரியில் வைத்துவிட்டுப் போனேன்.