அம்மா பெயர் இல்லாத ஃபைல்

போன வருடம் தை மாதம், செஞ்சியில் என் தம்பிக்குக் கல்யாணம். வரவேற்பில் மண்டபத்துத் திரையில் ஓட வேண்டிய குடும்ப வீடியோ என் பொறுப்பு. சென்னையில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. டெக்ஸ்ட் ஃபைலில் வரிக்கு ஒரு பெயர் இருந்தால் போதும். நான் எழுதிய ஸ்கிரிப்ட், அதாவது ஒரு சின்ன புரோகிராம், அதைப் படித்து, அந்தந்த ஆளின் போட்டோவை எடுத்து, கீழே பெயரைப் போட்டு வீடியோவாகக் கோத்துவிடும். பெயர்களை டைப் செய்து அனுப்பியவர் பெரியப்பா. குடும்பத்தில் யாருக்குப் பின் யார் என்பது அவருக்குத்தான் தெரியுமாம்!

சாயங்காலம் மண்டபத்தில் ஓட்டிப் பார்த்தோம். முதலில் எங்கள் அப்பா, இறந்துபோன நைனா. அடுத்து பெரியப்பா, பெரியம்மா, தளவானூர் பங்காளிகள், அவர்கள் வீட்டுக் கைக்குழந்தை வரை வந்தது. அம்மா போட்டோ என்னிடம் இருந்தும், ஃபைலில் பெயர் இல்லாததால் வரவில்லை. கடைசிவரை பார்த்த அம்மா, "நல்லா இருக்குதுடி" என்று எழுந்து காய் நறுக்கப் போய்விட்டாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அம்மா பேரு எங்க பெரிப்பா?" என்றேன்.

"தாலி அறுத்தவ மூஞ்சிய நல்ல காரியத்துல காட்டுவாங்களா? நாலு பேரு இன்னா சொல்லுவாங்க?"

மாப்பிள்ளைக் கோலத்தில் நின்ற தம்பி, "விடுக்கா, டென்ஷன் பண்ணாத" என்றான். அடப்பாவி! சிங்கவரத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு மல்லாட்டைக் கடலை பிடுங்கி இவனைப் படிக்க வைத்தவள் அம்மா. அவன்மேல் வந்த ஆத்திரம் பெரியப்பாமேல்கூட வரவில்லை.

"செத்தவரு பேரு முதல் வரியில இருக்கலாம், உசுரோட இருக்கறவ பேரு ஒரு வரியிலயும் இருக்கக் கூடாதா? அப்ப வீடியோவே வேணாம், எல்லாத்தையும் தூக்கிக்கினு போறேன்!" என்று கத்தினேன். சமையல்காரர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

யாரும் வாய் திறப்பதற்குள் ஃபைலைத் திறந்து, முதல் வரியில் அம்மா பெயரை டைப் செய்து ஸ்கிரிப்டை மறுபடி ஓட விட்டேன். வீடியோ தயாராகும்வரை பெரியப்பா தலைக்குமேல் நின்று திட்டினார். நான் லேப்டாப்பை மடியிலிருந்து இறக்கவே இல்லை.

வரவேற்பில் திரை முழுக்க அம்மா முகம். பெரியப்பா சாப்பிடாமலே கிளம்பினார். போகட்டும். அம்மா என்னைத் தனியாக இழுத்து, "ஒரு பேருக்கா இவ்ளோ சண்டை போட்ட?" என்று திட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே வந்து, "இன்னொரு வாட்டி போடுடி" என்றாள்.

யாரை விட்டுவிட்டு ஃபைலைக் கொடுத்தாலும் ஸ்கிரிப்ட் கேள்வி கேட்காமல் படித்துவிட்டுப் போகும், அதற்குக் கோபம் வராது. எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.