ஓலையும் இரண்டு மேற்றிராணியார்களும்

எங்கள் பட்டணத்துக்கு ஒரு மேற்றிராணியார், அதாவது பிஷப், போதாதென்று இரண்டு பேர் இருந்தார்கள். சாந்தோமில் போர்த்துகீசு அரசு நியமித்தவர். ஆர்மீனியன் தெருவில் நேரே ரோமாபுரி அனுப்பியவர். எங்கள் சாந்தோம் மேற்றிராணியாரின் எல்லை தஞ்சாவூர்ப் பக்கமெல்லாம் பரவிக் கிடந்தது. ஆனால் பக்கத்துத் தெரு எங்களுடையதில்லை. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜம். வெளியூர்க்காரர்களுக்குத் தலை சுற்றும். எங்களுக்கு அது பெருமை.

அந்தப் பெருமைதான் என் கல்யாணத்தில் கை வைத்தது.

மூன்று ஞாயிற்றுக்கிழமை கோவிலில் ஓலை வாசித்தால்தான் எங்களில் கல்யாணம். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று பெண்ணின் கோவிலிலும் மாப்பிள்ளையின் கோவிலிலும் வாசிப்பார்கள். இரண்டு ஓலை ஆயிற்று. அப்போதுதான் மாப்பிள்ளையின் கோவிலிலிருந்து, அது ஆர்மீனியன் தெருக்காரர் எல்லை, சாமியாருக்கு உதவியாயிருக்கும் உபதேசியார் வந்து நின்றார்.

"மாப்பிள்ளை வீடு மாறிட்டாராமே? ரோட்டுக்கு இந்தாண்ட வந்தாச்சுன்னா அது உங்க மேற்றிராணி ஆண்டவர் எல்லைங்க. நாங்க வாசிச்சது செல்லாது."

சாம்பல் புதனுக்கு முன்னால் ஒரே ஒரு ஞாயிறு பாக்கி. தவசு காலம் தொடங்கிவிட்டால் ஈஸ்டர் வரை கல்யாணம் கிடையாது. மாப்பிள்ளையோ அந்த வாரமே ரங்கூனுக்குக் கப்பலேறுகிறவர். போனால் திரும்ப மூன்று வருஷம். இரண்டே தடவை பார்த்த அந்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடித்துப் போயிருந்தது. அதை யாரிடம் போய்ச் சொல்ல?

"பத்தடி ரோட்டத் தாண்டுனதுக்கு இவ்ளோ கூத்தா!" என்று கத்திய அப்பா, கோட்டை மாட்டிக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு சாந்தோம் மேற்றிராணியாரிடம் போனார்.

எத்தனையோ ஊர்க் கோவில்களைக் கட்டி மேய்க்கிற மனிதர் அவர். எங்கள் ரோட்டு வழக்கை ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டார். அந்தப் பொறுமைக்கே கும்பிடலாம். முதலிரண்டு ஓலையையும் மறுபடி வாசிக்க வேண்டாமென்று விலக்குத் தருவதாகச் சொல்லிப் பேனாவை எடுத்தவர், திரும்பக் கீழே வைத்தார்.

"பெண்ணுக்குச் சம்மதமா?" என்றார், தட்டுத் தடுமாறிய தமிழில்.

"சம்மதந்தான் ஆண்டவரே," என்றார் அப்பா.

"உம்மைக் கேட்கவில்லை."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு கோவில் ஜனங்களிடமும் தடை உண்டா, தடை உண்டா என்று கேட்டாயிற்று. என்னை ஒருவரும் கேட்கவில்லையே! அப்பா தரையைப் பார்த்தார். மேற்றிராணியார் பேனாவைத் தொடாமல் காத்திருந்தார்.

"சம்மதம்," என்றேன். என் காதிலும் விழட்டும் என்று இன்னொரு தடவை சொன்னேன்.