புளூபெர்ரிக்கு நான் இட்ட சாம்பல்

ஜூன் 2: காரோடு ஊரில் எங்கள் வீட்டு முற்றத்தில், மறைந்த என் மனைவி தொட்டியில் வளர்த்த புளூபெர்ரிச் செடிக்கு அடுப்புச் சாம்பல் இட்டேன்.
ஜூன் 20: இலைகள் மஞ்சளாயின.
ஜூலை 4: ஒரு கிளை காய்ந்தது.

சென்ற ஆண்டு அது ஏழு பழங்கள் தந்தது. ஏழையும் அவள் எனக்கே தந்தாள்.

நாள்தோறும் அதற்கு நீர் ஊற்றிவந்த பக்கத்து வீட்டு லீலாவை அழைத்தேன். "அவளுக்க மிச்சமா இருந்தது இது ஒண்ணு. அதையும் தண்ணி ஊத்தி அழுக வச்சிட்டியே!"

லீலா தொட்டி மண்ணைக் கிளறிப் பார்த்தாள். "சாரே, சாம்பல் தென்னைக்கு ஆக்கும் போடுவது. இதுக்குப் புளிப்பு மண்ணு வேணும்னு அக்கா எப்பவும் சொல்லுவாவ. சாருகிட்ட சொல்லல்லியா?"

நான் முப்பது ஆண்டுகள் கல்லூரியில் வேதியியல் கற்பித்தவன். சாம்பல் புளிப்பை முறிக்கும் என்பது எனக்குத் தெரியாததன்று. அவள் என்னிடமும் சொல்லியிருப்பாள். நான் செவிகொடுத்திருக்க மாட்டேன்.

இப்போது எந்தச் செடிக்கும் லீலாவைக் கேட்காமல் எதையும் இடுவதில்லை.

இன்னும் செய்யாதவை:
தொட்டி மண்ணை மாற்றுவது.
காய்ந்த கிளையை வெட்டுவது.
லீலாவிடம் மன்னிப்புக் கேட்பது.