நேர்ல பாத்தியா?

“நேர்ல பாத்தியா?”

வாட்ஸ்அப் செய்தியோடு ஓடி வந்த பக்கத்து வீட்டுச் சரளா வாசலிலேயே நின்றுவிடுகிறார். துணி உலர்த்தும் இருதயமேரி அக்கா திரும்பக்கூட இல்லை. “பாக்கலன்னா கேள்விப்பட்டேன்னு சொல்லுலா. வாய் தேஞ்சிடுமா?”

அக்காவுக்கு எழுபத்து நான்கு வயது. சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இப்போது ஈப்போ அடுக்குமாடியில், என் வீட்டுக்கு மேல்வீடு. மீன்காரர் “இன்னிக்குப் புடிச்சது” என்றால், “நீ கடலுக்குப் போனியா?” என்பார். பிறந்த ஊரைக் கேட்டால், “தாப்பான்னு அம்மா சொன்னாங்க. நான் அப்ப கண்ணத் தொறக்கல.”

கேள்விப்பட்டதை வைத்தே இருபது வருடமாகப் பத்தி எழுதிப் பிழைக்கும் எனக்கு, இப்படியொருவர் தலைக்கு மேல் குடியிருப்பது நல்லதாகப் படவில்லை.

அக்கா இருந்த தோட்டத்திலேயே பிறந்த தினேஸ்வரிக்கு நாற்பத்தொரு வயதாகியும் அடையாள அட்டை இல்லை. பிறப்பைப் பதியாமலே பெற்றோர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சாலையில் போலீஸ் தடுப்பு என்றால் அன்று வேலைக்குப் போகமாட்டார். அவர் பிறந்ததற்குச் சாட்சி, அதே லயத்து வரிசை வீடுகளில் இருந்த அக்கா ஒருவர்தான் மிச்சம்.

பதிவு அலுவலகத்துக்குக் காரோட்டியது நான். “பாத்தேன்னே சொல்லிடுங்கக்கா” என்று வழியெல்லாம் ஓதினேன்.

“இவர் பிறந்ததைப் பார்த்தீர்களா?” என்று மலாயில் கேட்டார் அதிகாரி.

“தாக் நம்பாக்” என்றார் அக்கா. பார்க்கவில்லையாம்!

தினேஸ்வரியின் முகம் வெளுத்தது. அக்கா என் பக்கம் திரும்பினார். “தம்பி, இதையும் சொல்லு. பொறக்கறப்ப நான் கதவுக்கு வெளிய. அழுகச் சத்தம் கேட்டுச்சு, வெந்நி எடுத்துட்டு உள்ள போனேன். கொடி இன்னும் அறுக்கல. அத நேர்ல பாத்தேன். எடது காதுக்குப் பின்னால மொளகாட்டம் மச்சம். அதையும் பாத்தேன்.”

நான் மலாயில் சொல்லி முடித்ததும் அதிகாரி எழுந்து வந்தார். தினேஸ்வரி கூந்தலை ஒதுக்கினார். மச்சம் இருந்தது. பார்த்தேன் என்று சத்தியம் செய்ய நிறையப் பேர் வருவார்களாம். பார்க்கவில்லை என்று தொடங்கிய முதல் சாட்சி இவர்தான் என்றார் அதிகாரி. என் ஓதலைக் காதில் வாங்காத அந்தப் புண்ணியவதிக்கு இன்றும் மனசுக்குள் கும்பிடு போடுகிறேன்.

பதினான்கு மாதம் கழித்து, “வந்துருச்சு பெரியம்மா!” என்று தினேஸ்வரி போனில் அழுதார்.

“நேர்ல கொண்டா.”

கொண்டுவந்தார். அக்கா அட்டையை வாங்கி, தினேஸ்வரியின் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்து, படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டு, முதலிலிருந்து மறுபடி பார்த்தார்.